சீட்டுக்கட்டில் ஆட்டின் ஏழு தொலைந்துவிட்டதா? உதிரிச் சீட்டில் வரைந்துகொள்ளலாம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான். பாம்பன், மண்டபம் பக்கம் அப்போது சீட்டுக்கட்டு ஓயாது. கச்சான் காற்று அடித்தால் ஒன்றிரண்டு பறந்தும் போகும். ஆட்டினில், அதாவது சிவப்பு இதயக் குறி (ஹார்ட்ஸ்) போட்ட சீட்டுகளில், ஒன்று குறைந்தால் 13 என்ற கணக்கே தவறிவிடும். அதற்காகப் புதுக்கட்டு வாங்க வேண்டாம்.

அதே கட்டோடு வந்த வெற்றுச் சீட்டையோ விளம்பரச் சீட்டையோ எடுங்கள். பின்பக்க டிசைன் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். வெள்ளைத் தாள் ஒட்டாதீர்கள். தடிமன் கூடி, கலைக்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிடும்.

அச்சுக்கு ஆட்டின் எட்டு போதும். அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்து எட்டு ஆட்டின் குறிகளையும் நகலெடுங்கள். நகலைப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒட்டி, பிளேடால் வெட்டியெடுங்கள். நடுவரிசையில் கீழே இருப்பதை டேப்பால் மூடினால் அது ஏழு. நடுவில் இரண்டையும் மூடினால் ஆறு. ஒன்பதுக்கு மட்டும் இது உதவாது: ஓர வரிசைகளைப் பத்திலிருந்தும், நட்டநடு ஆட்டினை ஐந்திலிருந்தும் எடுக்க வேண்டும்.

ஏழில் ஐந்து ஆட்டின் நிமிர்ந்திருக்கும், அடியில் இரண்டு மட்டும் தலைகீழ். புதிதாக வரைபவர்கள் ஏழையும் நிமிர்த்தி வரைந்துவிடுவார்கள்.

சிவப்பு பெர்மனென்ட் மார்க்கர், மெல்லிய முனை. ஜெல் பேனா வியர்வைக் கையில் இழுகும். காகிதச் சீட்டானால் மார்க்கர் பின்பக்கம் ஊறலாம்; வேண்டாத சீட்டில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிடுங்கள். முதலில் ஓரக்கோடு, காய்ந்தபின் உள்நிரப்பு.

மூலையில்தான் அதிகக் கவனம் வேண்டும். விசிறியாகப் பிடிக்கும்போது கண்ணுக்குத் தெரிவது அது மட்டுமே. குட்டி ஆட்டினின் மேல்பள்ளம் மையில் அடைபட்டால், விளக்கு வெளிச்சத்தில் டைமனாகத் தெரியும். பள்ளத்தை ஊசி முனை அளவாவது வெள்ளையாக விடுங்கள்.

தொலைந்தது ராஜாவானால் படம் வரைய முயல வேண்டாம், இரு மூலைகளிலும் எழுத்தும் ஆட்டினும் போதும். வழக்கமான கட்டில் மீசையில்லாத ஒரே ராஜா இவர்தான்; வெறும் மூலையோடு ஆடுவது கொஞ்சம் வருத்தம்தான்!

உப்புக்காற்றில் மற்றவை வளைந்து பழுத்திருக்க, பெட்டியிலேயே கிடந்த உதிரி மட்டும் விறைப்பாக இருக்கும். கட்டோடு சேர்த்துப் பலமுறை கலையுங்கள். பிறகு எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, வரையாத ஒருவரைப் புதுச்சீட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எடுத்துவிட்டாரென்றால் இன்னும் கலைக்க வேண்டும்.