பாரிஸில் ரயில் ஏறும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

பாரிஸ் நகரம் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை. நோத்ர தாம் தேவாலயத்திலிருந்து லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான். சேன் நதியோரமாகப் பேசிக்கொண்டே நடந்துவிடலாம். மெட்ரோ 1900-லிருந்து ஓடுகிறது, நகருக்குள் எங்கே நின்றாலும் பக்கத்தில் ஒரு நிலையம் இருக்கும். அப்படியிருந்தும், ஆசையாக வருகிறவர்கள் அரை நாளையும் கைக்காசையும் தொலைத்துவிட்டு நிற்பதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. நான் கவனித்தவரை அவர்கள் வழியில் தொலைவதில்லை. வண்டி ஏறும் முன்பே தவறிவிடுகிறார்கள்.

ஊரிலிருந்து வந்த சித்தப்பா ஒருநாள் பேரப்பிள்ளைகளோடு டிஸ்னிலாந்து கிளம்பினார். "ஏ லைன்தானே, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஷாத்தலே நிலையத்தில் ஏ என்று போட்ட புறநகர் ரயில் வந்தது, ஏறினார். கொஞ்ச நேரம் கழித்து போன் வந்தது, புவாசி-சேன்-லெஜே என்கிற கடைசி நிலையத்திலிருந்து. சின்னவள் அழுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. வண்டி ஏ வண்டிதான். ஆனால் அந்தப் பாதை வேன்சேன் நிலையத்துக்கு அப்புறம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று புவாசிக்குப் போகும், இன்னொன்று டிஸ்னிலாந்து வாசலில் இருக்கும் மார்ன்-லா-வல்லே ஷெஸ்ஸிக்குப் போகும். திரும்ப வேன்சேன் வந்து வண்டி மாறினால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆர்.இ.ஆர். என்கிற புறநகர் ரயில்களில் எழுத்தை மட்டும் நம்பி ஏறக் கூடாது. பி வண்டியும் அப்படித்தான்: வடக்கே ஒல்னே-சூ-புவாவில் பிரிந்து, ஒரு கிளை ஷார்ல் த கோல் விமான நிலையத்துக்கும் மற்றது மித்ரி-கிளேவுக்கும் போகிறது. விமானம் பிடிக்கிற அவசரத்தில் மித்ரி வண்டியில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நடைமேடையில் தலைக்கு மேலே பலகை ஒன்று இருக்கும். அடுத்த வண்டி நிற்கப்போகும் நிலையங்களை அது காட்டும். நீங்கள் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காலெடுத்து வையுங்கள்.

வெர்சாய் அரண்மனைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம். வெர்சாய் என்ற பெயரில் மூன்று நிலையங்கள் இருக்கின்றன. அரண்மனைக்கு மிக அருகில் இருப்பது சி வண்டி போகும் வெர்சாய் ஷாத்தோ ரீவ் கோஷ். பத்து நிமிட நடை. சேன்-லசார் நிலையத்திலிருந்து போனால் ரீவ் துருவாத், மோன்பர்னாஸிலிருந்து போனால் ஷாந்தியே. இந்த இரண்டிலிருந்தும் கூடுதலாகக் கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். கோடையில் பராமரிப்பு வேலைக்காக சி பாதையின் நகர்ப்பகுதியைச் சில வாரங்கள் மூடுவது வழக்கம். ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள் இந்த மாற்று வழிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், திங்கட்கிழமை அரண்மனை கிடையாது. ஒர்சே அருங்காட்சியகத்துக்கும் திங்கள்தான் விடுமுறை, லூவ்ருக்குச் செவ்வாய். லூவ்ர்-ரிவோலி என்ற பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிடாதீர்கள். அருங்காட்சியகத்துக்கு வசதியானது அதற்கு அடுத்த பலே ருவாயால் நிலையம்.

இனி டிக்கெட். 2025 ஜனவரியில் இந்தக் கணக்கே மாறிவிட்டது, பழைய பயணக் குறிப்புகளைத் தூர வைத்துவிடுங்கள். முன்பு தூரத்துக்கு ஏற்ற கட்டணம். இப்போது பாரிஸ் வட்டாரம் முழுக்க மெட்ரோ, ஆர்.இ.ஆர்., ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். அந்த ஆண்டு விலை 2.50 யூரோ. வெர்சாய்க்கும் அதுவே போதும். பேருந்து, டிராமுக்குத் தனி டிக்கெட், அந்த ஆண்டு 2 யூரோ. மெட்ரோவிலிருந்து இறங்கிப் பேருந்தில் ஏறினால் முந்தைய டிக்கெட் செல்லாது. பலர் பரிசோதகரிடம் மாட்டுவது இங்கேதான். விமான நிலையத்துக்கும் தனி டிக்கெட், 2025-இல் 13 யூரோ. சாதாரண மெட்ரோ டிக்கெட்டோடு அங்கே போய் இறங்கினால் அபராதம். நாவிகோ ஈசி என்கிற பயண அட்டையில் டிக்கெட் ஏற்றும்போது, ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒரே அட்டையை நாலு பேர் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு போக முடியாது.

வாரப் பாஸ் நல்ல விஷயம், ஆனால் வாங்கும் நாளைப் பார்க்க வேண்டும். அது வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் அல்ல. திங்கள் முதல் ஞாயிறு வரை. சனிக்கிழமை வந்திறங்கி நடப்பு வாரத்துக்கு வாங்க நினைத்தால் கிடைக்காது, அடுத்த வாரத்துக்குத்தான் தருவார்கள். திங்களன்று வந்து ஞாயிறு கிளம்புகிறவர்களுக்கோ அள்ளிக்கொடுத்த மாதிரி. 2025 கணக்கில் பாஸ் 31.60, அதற்கென்று உள்ள தனி அட்டைக்கு 5, ஆக 36.60 யூரோ. விமான நிலையம் போய்வர மட்டுமே 26 யூரோ ஆகிவிடும். நடுவில் ஐந்து தடவை மெட்ரோ ஏறினாலே பாஸ் லாபம். அட்டையில் ஒட்டச் சின்னப் புகைப்படம் ஒன்று வேண்டும், ஊரிலேயே எடுத்து வந்துவிடுங்கள்.

ஓவியர் மோனேயின் தோட்டம் இருக்கும் ஜிவெர்னிக்கு இந்தப் பாஸ் செல்லாது. அது வட்டாரத்துக்கு வெளியே, நோர்மண்டியில் இருக்கிறது. சேன்-லசாரிலிருந்து வெர்னோன் வரை தனியாக ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மெட்ரோ வேகமானதுதான், ஆனால் பழைய நிலையங்களில் லிஃப்ட் அபூர்வம். ஷாத்தலேயில் வண்டி மாறுவதென்றால் நீள நீளமான சுரங்கப் பாதைகள், ஏறி இறங்கப் படிகள். முழங்கால் வலியோடு அதில் நடப்பவர்களைப் பார்த்தால், ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றும். மோன்மார்த்துக்குப் போக அபேஸ் நிலையத்தில் இறங்கினால், அது தரைக்குக் கீழே 36 மீட்டர் ஆழம். ஓவியங்கள் அழகாக இருக்கின்றன என்று சுழல் படிக்கட்டில் ஏறத் தொடங்கிவிடாதீர்கள். அங்கே லிஃப்ட் இருக்கிறது. பெரியவர்களோடு போகும்போது பேருந்துதான் நல்லது. மெதுவாகப் போகும், ஆனால் உட்கார்ந்து நகரத்தையே பார்த்துக்கொண்டு போகலாம். ஏறும்போது ஓட்டுநரைப் பார்த்து "போன்ழூர்" என்று சொல்லுங்கள். வழி கேட்கும்போதும் அதுதான் முதல் வார்த்தை. அதைச் சொல்லாமல் நேராகக் கேள்விக்குப் போனால் இங்கே முகம் சுளிப்பார்கள்.

விமான நிலையத்திலிருந்து பி வண்டியில் வருகிறவர்கள் பசியோடு கார் து நோர் நிலையத்தில் இறங்கி, லாச்சப்பல் தமிழ்க் கடைகளுக்குப் போக இன்னொரு மெட்ரோ தேடுவார்கள். வேண்டாம். நிலையத்தின் பக்கத்திலேயே போகும் ஃபோபூர் சேன்-தெனி தெருவில் வடக்கே சில நிமிடம் நடந்தால் தோசை வாசனையே வழி காட்டும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வந்தால், அங்குள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் எந்த நாளில் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அன்று தெருக்களை அடைத்துவிடுவார்கள், பேருந்துகள் வழி மாறிப் போகும். மெட்ரோவில் வந்து, கொஞ்சம் தள்ளி இறங்கி நடந்து வாருங்கள்.