மௌனப்பட நடிகை ஒருவரைப் பற்றி எழுதணுமா? இப்படித் தேடுங்கள்

படம் கிடைக்கட்டும், பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப்படங்கள் எடுத்தார்கள், இன்று மிஞ்சியிருப்பது மிகச் சொற்பம். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், சும்மா வைத்திருந்தாலே சிதைந்து போகும், பேசும்படம் வந்த பிறகு பழைய பிரதிகளைக் காப்பாற்ற யாருக்கும் அக்கறையும் இருக்கவில்லை. ஆக, அந்த நடிகையைத் திரைக்கு வெளியே, காகிதங்களில்தான் தேட வேண்டும்.

முதல் வேலை, பெயரைச் சரிபார்ப்பது. அன்றைய நட்சத்திரங்கள் பலருக்கும் திரைப்பெயர் வேறு, வீட்டுப்பெயர் வேறு. சீதா தேவியின் உண்மைப் பெயர் ரெனீ ஸ்மித். சுலோசனா என்று இந்தியாவே கொண்டாடியவர் ரூபி மையர்ஸ், யூதக் குடும்பத்துப் பெண், டெலிபோன் ஆபரேட்டராக இருந்து நடிக்க வந்தவர். மராத்திப் படங்களில் பின்னாளில் புகழ்பெற்ற சுலோசனா வேறு ஒருவர். 1933-இல் வந்த மார்த்தாண்ட வர்மா மௌனப்படத்தில் நடித்த பத்மினியும் நமக்குத் தெரிந்த நாட்டியப் பேரொளி இல்லை, அவர் அப்போது கைக்குழந்தை. இணையத்தில் இப்படி இரண்டு பேர் வாழ்க்கை ஒன்றாகக் கலந்து கிடக்கும், பிரித்தெடுக்காமல் மேலே போகாதீர்கள்.

அப்புறம் படப் பட்டியல். ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு, கம்பெனி, இயக்குநர், உடன் நடித்தவர் என்று வரிசையாக எழுதி வைத்துப் பாருங்கள், கதை தானாகவே தெரிய ஆரம்பிக்கும். ரூபி மையர்ஸையே எடுத்துக்கொள்வோம். 1928-இல் மௌன அனார்கலி, 1935-இல் பேசும் அனார்கலி, இரண்டிலும் அவர்தான் கதாநாயகி. 1953-இல் மறுபடியும் அனார்கலி எடுத்தபோது சலீமின் அம்மாவாக வருகிறார். 1929-இல் இந்திரா பி.ஏ., பேசும்படம் வந்ததும் இந்திரா எம்.ஏ.! பேசும்படம் வந்தபோது இந்துஸ்தானி சரளமாகப் பேச வராமல் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்து, மொழியைக் கற்றுக்கொண்டு, தன் பழைய வெற்றிகளையே பேசவைத்துத் திரும்பி வந்த ஒரு பெண்ணின் உழைப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. 1973-இல் அவருக்குத் தாதாசாகேப் பால்கே விருது கிடைத்ததை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம்.

தேதிக்குப் பழைய நாளிதழ் விளம்பரங்கள் நல்ல துணை. ஆனால் ஒரு ஊரில் வந்த விளம்பரம் அந்த ஊரில் எப்போது திரையிட்டார்கள் என்பதைத்தான் சொல்லும், முதல் வெளியீட்டைச் சொல்லாது. 1920 முதல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூனில் தணிக்கை வாரியங்கள் இருந்தன, அவற்றின் ஆவணங்கள் கிடைத்தால் விடாதீர்கள். தமிழ் நடிகை என்றால் நாடகக் கம்பெனி நோட்டீஸ்களிலிருந்தே தொடங்குங்கள். டி.பி. ராஜலக்ஷ்மி, முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸுக்கு முன்பே மௌனப்படங்களில் நடித்தவர், அதற்கும் முன்பு மேடையில் வளர்ந்தவர். சென்னையில் ரோஜா முத்தையா நூலகமும், படங்களுக்குப் புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள்.

அதிர்ஷ்டவசமாகப் படமே கிடைத்துவிட்டால், வேகத்தைக் கவனியுங்கள். நொடிக்கு 16, 18 பிரேம் என்று எடுத்ததை 24-இல் ஓட்டினால் நடிகை பொம்மை போலத் துள்ளுவார், அதைப் பார்த்து ‘மிகை நடிப்பு’ என்று எழுதுவது அநியாயம். பிளேயரில் 0.75 வேகம் வைத்து, கண்ணையும் கையையும் பாருங்கள்.

பி.கே. ரோசி மாதிரி ஒருவரைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். மலையாளத்தின் முதல் படமான விகதகுமாரனில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண், அதற்காகவே மேல்சாதியினர் கலவரம் செய்து அவரைத் திருவனந்தபுரத்தை விட்டே விரட்டினார்கள். படம் அழிந்துவிட்டது, வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் எழுதுகிறார்கள். இரண்டையுமே குறிப்பிடுங்கள். அவர் மனதில் என்ன ஓடியது என்று நீங்களாக வசனம் எழுதிச் சேர்க்காதீர்கள். குடும்பத்தார் யாராவது பேசச் சம்மதித்தால், அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே பதிவு செய்யுங்கள், போட்டோ கொடுத்தால் அது யாரிடமிருந்து வந்தது என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள்.