இன்ஜின் மாற்றிய பழைய ஜீப்புக்கு இன்சூரன்ஸ்: எதை முதலில் செய்வது?

என்னுடையது மஹிந்திரா எம்எம்540. இன்ஜின் பிளாக்கில் விரிசல் விழுந்ததால், அதே ரக 2112 சிசி டீசல் இன்ஜினைச் சென்னைப் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பிடித்து மாட்டினேன். பாடி வேலை முடிவதற்குள் பாலிசி முடிந்து 90 நாளும் தாண்டிவிட்டது. கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போயே போச்சு.

1. பில்கள். இன்ஜின் பில்லில் இன்ஜின் நம்பர் கட்டாயம் இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன்பே அந்த நம்பரை, திருட்டு வண்டிகளைச் சரிபார்க்கும் ‘வாகன் சமன்வய்’ தளத்தில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

2. ஆர்.சி. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். முழு இன்சூரன்ஸுக்கு விண்ணப்பித்ததும் வண்டியைப் பார்வையிட இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார். இன்ஜின் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார், ஆர்.சி.யோடு ஒப்பிட்டார். “சார், இது வேற நம்பர்” என்று பையை மூடிக் கிளம்பிவிட்டார்.

இன்ஜின் மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. சரி என்று அங்கே போனால், நடப்பில் உள்ள இன்சூரன்ஸ் கேட்டார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை!

இதற்கு வழி, முதலில் தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ்) மட்டும் போடுவது. 1500 சிசிக்கு மேல் தனியார் காருக்கு 2022 ஜூன் கட்டணப்படி 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இன்ஜின் மாறியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதமாகக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பாலிசியை வைத்து ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்றி, அப்புறம்தான் முழு இன்சூரன்ஸ் கேட்டேன்.

வேறு ரக இன்ஜின் மாட்ட நினைப்பவர்கள் கவனம். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

3. நம்பரைச் சுத்தம் செய்தல். பெயின்டர் பட்டி பூசி சேசிஸ் நம்பரை மூடியிருப்பார். பித்தளைக் கம்பி பிரஷ்ஷும் கொஞ்சம் தின்னரும் போதும். உப்புத்தாள், கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். எழுத்து தேய்ந்தால் நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகப்படுவார்கள்.

4. ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பு. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு மதிப்பு இரு தரப்பும் பேசி முடிவு செய்வதுதான். ஆன்லைனில் பேரம் பேச முடியாது. நேரே கிளை அலுவலகத்துக்குப் பில், போட்டோக்களோடு போங்கள். ஆனால் செலவழித்ததெல்லாம் மதிப்பாக மாறாது. பத்து வருடம் தாண்டினால் கிளெய்மில் உலோக பாகங்களுக்கே பாதி கழித்துவிடுவார்கள். ஐ.டி.வி. உதவுவது வண்டி திருடு போனாலோ முழுசாக நொறுங்கினாலோதான்.

5. மற்றவை. கூடுதல் விளக்கு, வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவட உருளை) இருந்தால் மதிப்போடு தனியாக எழுதிக் கொடுங்கள். முன் பம்பரில் மாட்டும் இரும்புச் சட்டமான புல் பாரைக் கழற்றிவிட்டேன், 2017இலேயே மத்திய அரசு கூடாது என்று சொன்னது.

பின்சேர்க்கை: 15 வருடப் பதிவு முடிந்த ஜீப்பை வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்யப் போய் இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்கள் முதலில் படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது ஐந்து வருடத்துக்குச் செல்லும். அதற்கும் இன்சூரன்ஸ் கேட்பார்கள், ஆகவே தேர்ட் பார்ட்டியைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள்.