அமெரிக்காவில் இயற்பியல் பிஎச்டிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

எம்ஐடி, கால்டெக், பிரின்ஸ்டன் என்றாலே "அதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறோம். இளங்கலைக்கு அது ஓரளவு உண்மைதான். இயற்பியல் பிஎச்டியில் கதையே வேறு. பெரிய துறைகளில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடி ஆவதோடு மாத உதவித்தொகையும் வரும். பதிலுக்கு இளங்கலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராக இருக்க வேண்டும். முடிக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்.

சேர்க்கையை முடிவு செய்வது துறையின் பேராசிரியர் குழு. மதிப்பெண்ணைப் பார்த்துக் கட்-ஆஃப் போடும் நம்மூர் முறை அங்கே கிடையாது. விடை தெரியாத ஒரு வேலையைக் கொடுத்தால் இவர் தாக்குப்பிடிப்பாரா என்பதைத்தான் அவர்கள் உங்கள் கோப்பில் தேடுவார்கள். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்யும் வேலை.

படி 1: தகுதியும் ஆய்வு அனுபவமும் (விண்ணப்பத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்பே)

நான்காண்டு இளங்கலைக்கு இணையான படிப்பைப் பல பல்கலைக்கழகங்கள் கேட்கும். மூன்றாண்டு பிஎஸ்சி மட்டும் வைத்திருந்தால் பெரும்பாலும் எடுபடாது. பிஎஸ்சியோடு எம்எஸ்சி, ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்எஸ்சி, நான்காண்டு பிஎஸ் எல்லாம் சரி. எம்எஸ்சி இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்கலாம், முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

கல்லூரி புராஜெக்ட் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். இந்திய அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம், மும்பை டிஐஎஃப்ஆரின் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) கோடைத் திட்டம், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் ஆகியவற்றில் கோடையில் இரண்டு மாதம் வேலை செய்யலாம். அந்த இரண்டு மாதத்தில் கட்டுரை வெளிவராவிட்டால் பரவாயில்லை. உங்கள் வேலையைக் கூட இருந்து பார்த்த ஒரு விஞ்ஞானி கிடைப்பதுதான் லாபம்.

படி 2: பட்டியல் போடுதல் (ஜூன் முதல் ஆகஸ்ட்)

தரவரிசைப் பட்டியலைப் பார்த்து மேலிருந்து பத்தைக் கிள்ளி எடுப்பது வழக்கமான தவறு. இயற்பியலில் உட்பிரிவுக்கு உட்பிரிவு 'பெரிய இடம்' மாறும். அணுக்களை லேசரால் குளிர்விப்பதில் ஆர்வம் என்றால் கொலராடோ போல்டரில் உள்ள ஜிலா ஆய்வு நிறுவனத்தைத் தவிர்க்கவே முடியாது. மிகக் குளிர்ந்த அணுக்கள் ஒரே அலைபோல நடந்துகொள்ளும் போஸ்-ஐன்ஸ்டைன் கன்டன்சேட்டை 1995இல் முதலில் உருவாக்கியது அங்கேதான். திடப்பொருள் இயற்பியலுக்கு இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன் முதல் வரிசை. உயர் ஆற்றல் லேசர் என்றால் ராசெஸ்டர் பல்கலைக்கழகம். ஊரில் சொன்னால் பலருக்குத் தெரியாத பெயர்கள்தான், ஆனால் அந்தந்தத் துறைக்காரர்களுக்கு அவற்றின் மதிப்பு தெரியும்.

ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் உங்கள் உட்பிரிவில் சமீபத்தில் வந்த கட்டுரைகளை மூன்று மாதம் தொடர்ந்து பாருங்கள். முழுக்கப் படிக்க வேண்டாம். தலைப்பு, சுருக்கம், ஆசிரியர்களின் பல்கலைக்கழகம் போதும். திரும்பத் திரும்ப வரும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் உங்களுக்குப் பிடித்த வேலை செய்பவர்கள் குறைந்தது மூன்று பேராவது இருந்தால் மட்டும் பட்டியலில் சேருங்கள். ஒரே ஒருவரை நம்பிப் போனால், அவர் ஓய்வு பெறலாம், புது மாணவரை எடுக்காமலும் இருக்கலாம்.

எட்டு முதல் பத்து இடம் போதும். ஒவ்வொன்றுக்கும் சுமார் 75 முதல் 125 டாலர் விண்ணப்பக் கட்டணம். வெளிநாட்டு மாணவர்களுக்கும் விலக்கு தரும் இடங்கள் உண்டு. கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், கேட்பதில் குறைவொன்றுமில்லை.

படி 3: தேர்வுகள்

ஆங்கிலத்துக்கு டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ். டோஃபல் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். இயற்பியல் பாடத்துக்கான ஜிஆர்இ தேர்வு சில துறைகளில் கட்டாயம், சிலவற்றில் விருப்பம், சிலவற்றில் அனுப்பினாலும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் இந்த ஆண்டுக்கான விதியைப் பாருங்கள். சீனியர் சொன்னதை நம்பாதீர்கள், விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. எழுதுவதென்றால்: இரண்டு மணி நேரம், சுமார் 70 கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இயக்கவியல் 20 சதவீதம், மின்காந்தவியல் 18 சதவீதம். இந்த இரண்டையும் கரைத்துக் குடித்துவிட்டுப் பிறகு குவாண்டத்துக்குப் போங்கள்.

உங்கள் கல்லூரியின் பெயர் குழுவுக்குத் தெரிய வாய்ப்பில்லை என்று தோன்றினால், விருப்பம் என்று போட்டிருக்கும் இடத்திலும் நல்ல மதிப்பெண்ணை அனுப்புவது உதவும். சுமாரான மதிப்பெண்ணை அனுப்ப வேண்டாம்.

படி 4: பரிந்துரைக் கடிதங்கள் (அக்டோபர்)

விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். மூன்று கடிதம் வேண்டும். அவற்றில் குறைந்தது இரண்டு உங்களோடு ஆய்வு வேலை பார்த்தவர்களிடமிருந்து வரவேண்டும். துறைத் தலைவர், முதல்வர் என்று பதவி பார்த்து வாங்கும் கடிதத்தில் "வகுப்புக்கு ஒழுங்காக வந்தார், நல்ல பையன்" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. "வெற்றிடப் பம்ப் கசிந்தபோது மூன்று நாள் உட்கார்ந்து எந்த இணைப்பு என்று இவரே கண்டுபிடித்தார்" என்று எழுதக்கூடிய உதவிப் பேராசிரியர் பத்து மடங்கு மேல்.

நம்மூரில் "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்" என்பது சகஜம். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் குழு கண்டுபிடித்துவிடும், விண்ணப்பம் அதோடு முடிந்தது. அதற்குப் பதிலாக ஆறு வாரம் முன்பே சாரிடமோ மேடமிடமோ ஒரு பக்கக் குறிப்பைக் கொடுங்கள்: என்ன செய்தீர்கள், எங்கே சிக்கல் வந்தது, எப்படித் தீர்த்தீர்கள். கூடவே சிவியும், கடைசித் தேதிகள் வரிசையாக உள்ள அட்டவணையும். எழுதுவது அவர் வேலை.

கடிதம் கேட்டுப் பல்கலைக்கழகம் அனுப்பும் இணைப்பு அவருடைய நிறுவன மின்னஞ்சலுக்குப் போகட்டும், ஜிமெயில் முகவரி சந்தேகத்தைக் கிளப்பும். ஸ்பாம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுத்தருகிறீர்களா என்று படிவம் கேட்கும். 'ஆம்' என்று கொடுங்கள். மாணவர் பார்க்க முடியாத கடிதத்துக்குத்தான் மதிப்பு.

படி 5: நோக்க அறிக்கை (அக்டோபர், நவம்பர்)

எஸ்ஓபி என்று சொல்வது இதைத்தான். ஒன்றரை முதல் இரண்டு பக்கம். சிறுவயதில் மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்த்தது, அப்துல் கலாம் மேற்கோள் இரண்டும் வேண்டாம். நேரே வேலைக்கு வாருங்கள். ஒரு எடுத்துக்காட்டு:

மோசம்: "துத்தநாக ஆக்சைடு மெல்லிய படலங்களைத் தயாரித்து அவற்றின் பண்புகளை ஆராய்ந்தேன். இதன்மூலம் பலவற்றைக் கற்றுக்கொண்டேன்."

நல்லது: "படலத்தின் பட்டை இடைவெளி, ஒளி உறிஞ்சலை வைத்து வரையும் டாக் (Tauc) வரைபடத்தில் 3.1 எலக்ட்ரான் வோல்ட் என்று வந்தது, எதிர்பார்த்ததோ 3.3 அளவில். தடிமனைத் தவறாக அளந்திருப்பேனோ என்று முதலில் பார்த்தேன். ஆனால் தடிமன் பிழை கோட்டின் சாய்வை மாற்றுமே தவிர வெட்டுப்புள்ளியை நகர்த்தாது. படலத்தின் சொரசொரப்பால் வந்த ஒளிச்சிதறலைப் பின்னணியாகக் கழித்ததும் மதிப்பு 3.26க்கு ஏறியது."

இரண்டாவதைப் படிக்கும் பேராசிரியருக்கு நீங்கள் யோசிக்கும் விதம் தெரிந்துவிடும். பாதிக்கு மேல் இப்படிப்பட்ட ஆய்வு விவரம், பிறகு அடுத்து என்ன ஆராய விருப்பம், கடைசிப் பத்தியில் அந்தப் பல்கலைக்கழகத்தில் யாருடைய எந்த வேலை பொருந்துகிறது, ஏன் என்று எழுதுங்கள். பெயரை மட்டும் அடுக்கினால் இணையதளத்தைப் பார்த்து எழுதியது என்று அப்பட்டமாகத் தெரியும். கன்சல்டன்சி எழுதித் தரும் அறிக்கைகளும் அப்படித்தான் இருக்கும், காசு கொடுக்காதீர்கள்.

படி 6: படிவம் நிரப்புதல்

கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் 15ஐ ஒட்டி வரும், சில இடங்களில் டிசம்பர் தொடக்கத்திலேயே. கிழக்குக் கடற்கரை நேரப்படி இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை 10.29. அதை நம்பி உட்கார வேண்டாம், இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். சிஜிபிஏவை 4க்கு மாற்றச் சொல்லித் தெளிவாகக் கேட்டாலொழிய மாற்றாதீர்கள், உள்ளபடியே எத்தனைக்கு எத்தனை என்று போடுங்கள். மதிப்பெண் பட்டியலின் ஸ்கேன் இப்போதைக்குப் போதும், அசலை இடம் கிடைத்த பிறகு கேட்பார்கள்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (FNU, முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். வங்கிக் கணக்கு முதல் ஓட்டுநர் உரிமம் வரை அது தொல்லை. விண்ணப்பிக்கும் முன்பே அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டைத் திருத்திவிட்டு, டோஃபல் பதிவிலும் படிவத்திலும் எழுத்துக்கு எழுத்து அதையே போடுங்கள்.

படி 7: முடிவு வந்த பிறகு

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை பதில்கள் வரும். சில துறைகள் இடையில் ஜூமில் அரை மணி நேரம் பேசும், உங்கள் எஸ்ஓபியில் உள்ள ஒவ்வொரு வரைபடத்தையும் விளக்கத் தயாராக இருங்கள். நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்குள் பதில் சொன்னால் போதும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட பொது நாள் அது, அதற்கு முன் அவசரப்படுத்தினால் பணிய வேண்டாம். முடிவெடுக்கும் முன் அந்த ஆய்வுக் குழுவில் இப்போது இருக்கும் மாணவர் இருவருக்கு எழுதி, சராசரியாக எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள், வாடகை போக உதவித்தொகையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேளுங்கள். வேண்டாத அழைப்புகளை உடனே மறுத்துவிடுங்கள், காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு அந்த இடம் போகும். பிறகு பல்கலைக்கழகத்திடமிருந்து விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் வரும். அதை வைத்து 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் கட்டி, ரசீதோடு எஃப்-1 மாணவர் விசா நேர்காணலுக்கு நாள் வாங்குங்கள். கோடையில் கூட்டம் நெரியும், மே மாதமே முயற்சியைத் தொடங்கிவிடுங்கள்.