இராணுவச் சட்டமா? கடைசிப் பக்கத்தில் தொடங்குங்கள்

கொடிகாமத்தில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் கேட்டார்: "மிருசுவில் வழக்கு ஏன் பிள்ளை ஆமிக் கோர்ட்டில நடக்கேல்லை?" 2000 டிசெம்பரில் எட்டுப் பேர் கொல்லப்பட்ட வழக்கு அது. 2015இல் கொழும்பு மேல் நீதிமன்றம் ஒரு படையினருக்கு மரண தண்டனை விதித்தது. மாமிக்கு ஊகத்தில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தைத் தேடி எடுத்தேன்.

செய்திகளில் தேடாதீர்கள். சட்டத்தின் இலக்கமும் ஆண்டும்தான் திறப்பு. 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டம். பழைய தீர்ப்புகள் இதையே, சட்டத் தொகுப்பில் அதற்குள்ள இலக்கத்தைக் கொண்டு, 357ஆம் அத்தியாயம் என்று குறிப்பிடும். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் கிடைத்ததும் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். சொற்களுக்கான பொருள்கோடல் அங்கேதான் இருக்கும். நாங்கள் 'சிவில் கோர்ட்' என்றால் காணி வழக்கு, கடன் வழக்கு என்றுதான் நினைப்போம். இந்தச் சட்டத்தில் இராணுவ நீதிமன்றம் அல்லாத எல்லா நீதிமன்றமும் 'சிவில்'. கொலையும் 'சிவில் குற்றம்'. அது தெரிந்த பிறகு 77ஆம் பிரிவைப் படியுங்கள். படையினரை சிவில் குற்றத்துக்கு விசாரிக்கச் சாதாரண நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை இந்தச் சட்டம் தொடவில்லை என்கிறது. மாமியின் கேள்விக்கு விடை அந்த ஒரு வரியில் இருந்தது.

அப்புறம் திருத்தச் சட்டங்கள். அவற்றைப் பார்க்காமல் எந்தப் பிரிவையும் மனுவில் எழுத வேண்டாம். மொழியையும் கவனியுங்கள்: 1949 சட்டம் ஆங்கிலத்தில் ஆக்கப்பட்டது, முரண்பாடு வந்தால் அந்த உரைதான் மேலோங்கும். அண்மைக்காலச் சட்டங்களில் பெரும்பாலும் சிங்கள உரை மேலோங்கும் என்று கடைசிக்கு அருகில் ஒரு பிரிவு இருக்கும். தமிழ்ப் பிரதியை மட்டும் நம்பி வழக்குக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலைதான்.

எல்லா விடையும் ஒரே சட்டத்தில் கிடைக்காது. தண்டனை பெற்ற அந்தப் படையினர் 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் மன்னிப்பில் விடுதலையானார். அந்த அதிகாரம் அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையில் இருக்கிறது. முன்னாள் படையினரின் ஓய்வூதியத்துக்கு இராணுவச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளைப் பார்க்க வேண்டும். படையினரின் நலன் பார்க்கும் ரணவிரு சேவா அதிகார சபைக்கு 1999இன் 54ஆம் இலக்கச் சட்டம்.

ஒழுங்குவிதி கிடைக்காவிட்டால் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் கொடுத்த திகதியைக் குறித்து, பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.