கர்நாடக இசை கேட்கப் பழகுவது எப்படி: ரங்கூனிலிருந்து ஒரு வழி

போன திருவிழாவில் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து கேட்டான்: "அண்ணே, உள்ளே நாயனத்துல வாசிச்சாங்களே, அது என்ன பாட்டு? அங்க நின்னு கேட்டா நல்லா இருக்கு. போன்ல போட்டுக் கேட்டா பத்து நிமிஷத்துல தூக்கம் வருது." வாசித்தது 'வாதாபி கணபதிம்'. அவனுக்குச் சொன்ன வழியைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் என் கதை. இருபது வயதில் நான் தொடங்கியது தலைகீழாக. 72 மேளகர்த்தா ராகங்களின் (தாய் ராகங்களின்) அட்டவணையை ஒரு காலண்டரின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கனகாங்கியிலிருந்து ரசிகப்பிரியா வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். யாராவது ஒரு மோகனத்தைப் பாடி இது என்ன என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். ஒரு வருடம் அப்படியே போனது. அப்புறம்தான் அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தேன். ராகம், தாளம் எல்லாம் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு தானாக வந்து சேர்ந்தன.

ஆக, வாரத்துக்கு ஒரு பாட்டு. இரண்டு மாதம் போதும்.

தயார் செய்துகொள்ள வேண்டியவை

கரண்ட் இருக்கும் நேரத்தில் பாட்டுகளைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இதைச் சொல்லாமல் எந்தச் செய்முறையும் தொடங்க முடியாது. தேடும்போது பாட்டின் பெயரோடு ராகத்தின் பெயரையும் சேர்த்து அடியுங்கள். இல்லாவிட்டால் வேறு ஏதாவது வந்து நிற்கும். ஆறு நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் வரை உள்ள பதிவாகப் பாருங்கள். முக்கால் மணி நேரப் பதிவுகளில் ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் எல்லாம் சேர்ந்திருக்கும். அவை பாடகர் அந்த மேடையிலேயே விரித்துப் பாடுபவை. இப்போது உங்களுக்கு வேண்டியது இயற்றியவர் கட்டிய வீடு. பாடகர் போடும் பந்தலை அப்புறம் பார்க்கலாம்.

இயர்போன் கட்டாயம். போன் ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் டக்டக்கென்று கேட்கும், இடது பக்கத்துத் தொப்பியின் கும்மென்ற நாதம் காணாமல் போய்விடும். பாதி மிருதங்கத்தைக் கேட்டுவிட்டுத் தாளம் பிடிபடவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

முதல் படி: வாதாபி கணபதிம்

முத்துசுவாமி தீட்சிதர் இயற்றியது, ஹம்சத்வனி ராகம், ஆதி தாளம். ஹம்சத்வனியை உருவாக்கியவர் அவருடைய தகப்பனார் ராமசுவாமி தீட்சிதர். இதில் ஸ, ரி, க, ப, நி என்று ஐந்தே சுரங்கள். மவும் தவும் கிடையாது. அதனால் குழப்பம் குறைவு, ஓட்டம் அதிகம். கச்சேரியின் தொடக்கத்தில் இதை அடிக்கடி பாடுவதற்கு, பிள்ளையார் பாட்டு என்பதோடு இந்த ஓட்டமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

முதல் நாள் சும்மா கேளுங்கள். இரண்டாம் நாள் பாட்டு வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு பாட்டின் முதல் பகுதியான பல்லவியை மட்டும் கவனியுங்கள். 'வாதாபி கணபதிம் பஜேஹம்' என்ற அதே வரி திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். ஒவ்வொரு முறையும் மெட்டில் ஏதோ ஓர் இடம் மாறியிருக்கும்: முதலில் நேராக, அப்புறம் ஒரு சின்ன வளைவு, அப்புறம் மேலே எட்டி ஒரு சுற்று. இந்த மாற்றங்களுக்குத்தான் சங்கதி என்று பெயர். "ஒரே வரியை ஏன் இத்தனை தடவை பாடுறாங்க?" என்று அலுத்துக்கொள்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

மூன்றாம் நாள் அடுத்த பகுதியான அனுபல்லவி, நான்காம் நாள் கடைசிப் பகுதியான சரணம். சரணத்தின் கடைசியில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'குருகுஹ' என்று ஒரு சொல் வரும். அது தீட்சிதரின் முத்திரை. அடுத்த வரியிலேயே 'ஹம்ஸத்வனி பூஷித ஹேரம்பம்' என்று ராகத்தின் பெயரும் வந்துவிடும். பாட்டுக்குள்ளேயே தன் கையெழுத்தையும் ராகத்தின் பெயரையும் ஒளித்து வைப்பது தீட்சிதருக்குப் பழக்கம். பெயர்ப்பலகையை வாசலில் மாட்டாமல் கொல்லைப்புறத்தில் மாட்டியிருப்பார், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: கையில் தாளம்

அதே பாட்டு, இப்போது வலது கையைத் தொடையில் வையுங்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். நான்கு ஆயிற்றா? அடுத்து தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வீச்சு என்றால் கையைத் திருப்பிப் போடுவது. பாட்டில்லாமல் இருபது சுற்று போட்டுப் பாருங்கள். அப்புறம் பாட்டோடு.

முதல் இரண்டு நாள் நிச்சயம் தவறும். பாட்டு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம் போகும். தவறினால் பாட்டை நிறுத்தாதீர்கள். பல்லவி திரும்பி வரும் வரை காத்திருந்து சேர்ந்துகொள்ளுங்கள். பஸ்ஸில் போட்டுப் பழக வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். எனக்கு நடந்தது.

மூன்றாம் படி: வேலைக்கு மனுப் போட்ட தியாகராஜர்

தியாகராஜர் 1767இல் திருவாரூரில் பிறந்து, திருவையாற்றில் வாழ்ந்து, 1847இல் மறைந்தவர். நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய பாடல்கள் சுமார் 700, பெரும்பாலும் தெலுங்கு. தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தபோது போக மறுத்து, 'நிதி சால சுகமா', செல்வம் சுகமா, ராமனின் சந்நிதி சுகமா என்று கல்யாணி ராகத்தில் பாடினார் என்று சொல்வார்கள்.

அரசவை வேலையை வேண்டாம் என்ற அதே மனிதர் ராமனிடம் வேலை கேட்டு ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். 'பண்டுரீதி கொலு', ஹம்சநாதம், ஆதி தாளம். உன் வாசலில் சேவகனாக என்னை வைத்துக்கொள் என்கிறார். சேவகனுக்குச் சீருடை வேண்டுமே? மயிர்க்கூச்சுதான் கவசம். ராம பக்தன் என்பது இடுப்பில் மாட்டும் வில்லை, அதாவது அடையாளத் தகடு. ராம நாமம்தான் வாள். அந்த வில்லைக்குத் தெலுங்கில் 'முத்ர பிள்ள' என்கிறார். டவாலியும் வில்லையும் போட்ட சேவகர்களைப் பற்றி எங்கள் அப்பாயி சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது நாம் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறோம். ஆக, பாட்டு விளங்கத் தெலுங்கு இலக்கணம் தேவைப்படவில்லை. பொருளைத் தமிழில் ஒருமுறை வாசித்துக்கொண்டால் போதும்.

சின்னப் பாட்டு இது. ஒரு வாரம் கேட்டால் உங்களை அறியாமல் முணுமுணுப்பீர்கள். தியாகராஜரின் ஐந்து பெரிய பாடல்களான பஞ்சரத்ன கீர்த்தனைகளுக்கு இப்போதே போக வேண்டாம். ஆசை தாங்காவிட்டால் ஸ்ரீ ராகத்தில் உள்ள 'எந்தரோ மஹானுபாவுலு' ஒன்றை மட்டும் கேட்டு வையுங்கள்.

நான்காம் படி: முத்திரை வேட்டை

இது விளையாட்டு. எந்தக் கீர்த்தனையையும் போடுங்கள், சரணத்தின் கடைசிக்கு வாருங்கள். 'த்யாகராஜ' என்று வந்தால் தியாகராஜர். 'குருகுஹ' தீட்சிதர். 'ஸ்யாமகிருஷ்ண' என்று வந்தால் சியாமா சாஸ்திரி. 'ராமதாசன்' என்றால் பாபநாசம் சிவன். நானும் என் தங்கையும் பந்தயம் கட்டி விளையாடியிருக்கிறோம், தோற்றவர் மொயிங்கா (பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ்) வாங்கித் தர வேண்டும். தங்கைதான் நிறையச் சாப்பிட்டாள்.

இடையில் தமாஷாக ஒன்று. தீட்சிதர் இளம் வயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது கும்பினிக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டிருக்கிறார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் வரிகள் எழுதினார். நோட்டுஸ்வர சாகித்யம் என்பது அவற்றின் பெயர். அவற்றில் 'ஸந்ததம் பாஹிமாம்' என்பதைப் போட்டுக் கேளுங்கள். பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டேதான். 1948க்கு முன் ரங்கூனில் பள்ளிக்கூடம் போன பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள், முகத்தைப் பாருங்கள். எங்கள் தாத்தா கேட்டவுடன் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதுபோல நடித்துக் காட்டினார்.

ஐந்தாம் படி: பைரவியில் ஏறுவது

தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரையும் மும்மூர்த்திகள் என்பார்கள். அவர்களில் மூத்தவர் சியாமா சாஸ்திரி (1762–1827). மற்ற இருவரையும்போல இவரும் திருவாரூரில் பிறந்தவர். தஞ்சாவூர் பங்காரு காமாட்சிக்குப் பூசை செய்த குடும்பம். பைரவி ராகத்தில் இவர் செய்த ஸ்வரஜதி (சுரங்களும் அதே மெட்டில் வரிகளும் வரும் பாட்டு வகை), 'காமாக்ஷி அனுதினமு', இந்த வரிசையிலேயே கனமானது. அவசரப்படாமல் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளம் மிச்ர சாபு, ஏழு எண்ணிக்கை. 'தகிட தகதிமி' என்று வாயால் சொல்லிக்கொண்டே தட்டினால் மூன்றும் நான்குமாகப் பிரிந்து வரும். எட்டுச் சரணங்கள். முதல் சரணம் ஸ-வில் தொடங்குகிறது, அடுத்தது ரி, அதற்கடுத்தது க என்று ஒவ்வொன்றும் ஒரு சுரம் மேலே ஏறித் தொடங்கி, எட்டாவது மேல் ஸ-வில் போய் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சரணத்தின் முதல் சுரத்தை மட்டும் பிடியுங்கள். ஷ்வேடகோன் பகோடாவின் படிக்கட்டில் ஏறும்போது மேலே போகப் போக வெளிச்சம் கூடுமே, அப்படி இருக்கும். மேல் ஸ வரும்போது அம்மனை அழைக்கும் குரலில் ஒரு தவிப்பு ஏறியிருக்கும். எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும், இன்றைக்கும்.

ஆறாம் படி: தமிழுக்கு வருவோம்

தமிழ்ப் பாட்டை ஏன் முதலில் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தேன். தெரிந்த மொழியென்றால் மனம் வரியின் பின்னாலேயே ஓடிவிடுகிறது, மெட்டு காதில் விழுவதில்லை. ஐந்து வாரம் காது பழகிய பிறகு தமிழ்ப் பாட்டைக் கேட்டால் இரண்டும் சேர்ந்து வரும்.

அருணாசலக் கவிராயரின் (1711–1779) 'ஏன் பள்ளிகொண்டீரய்யா', மோகனம். ஸ்ரீரங்கத்தில் படுத்திருக்கும் பெருமாளைப் பார்த்து ஒரு கேள்வி: ஏனய்யா இப்படிப் படுத்திருக்கிறீர்? ஈசன் வில்லை முறித்த களைப்பா? மிதிலை ராஜன் பெண்ணோடு வழி நடந்த இளைப்பா? குகன் ஓடத்தில் கங்கைத் துறை கடந்த இளைப்பா? ராமாயணம் முழுவதும் கால்வலியாகவும் உடம்புவலியாகவும் திரும்பி வருகிறது. நம் ரங்கூன் சௌத்தாஜி கோயிலில் சாய்ந்திருக்கும் அந்தப் பெரிய புத்தரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டுத்தான் நினைவுக்கு வரும், என்ன செய்ய.

அடுத்து கோபாலகிருஷ்ண பாரதியின் 'வருகலாமோ', மாஞ்சி ராகம், நந்தனார் சரித்திரத்திலிருந்து. கோயிலுக்குள் விடமாட்டார்கள் என்று தெரிந்தும், 'உந்தன் அருகில் நின்று கொண்டாடவும் பாடவும்' வரலாமா என்று நந்தனார் கேட்கிறார். உரிமையோடு கேட்பதா, கெஞ்சுவதா என்று பிரிக்க முடியாத ஒரு குரல். அப்பாயி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே இதை முனகுவார். 'ஐயா' வரும் இடத்தில் முறம் நின்றுவிடும். பல வருடம் கழித்து ஒரு பதிவில் கேட்டபோதுதான் அது கீர்த்தனை என்றே எனக்குத் தெரிந்தது. உ.வே. சாமிநாதையர் மாயவரத்தில் கொஞ்ச காலம் இசை கற்றது இந்த பாரதியிடம்தான்.

பாபநாசம் சிவனின் (1890–1973) 'என்ன தவம் செய்தனை', காபி ராகம், இதற்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பிள்ளை வைத்திருப்பவர்கள் ராத்திரியில் கேளுங்கள்.

மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லை என்ற குறை அந்தக் காலத்தில் பலமாக இருந்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் குடும்பத்தவர். நம் ஊர் வட்டிப் பணத்தில் கொஞ்சம் அங்கே தமிழ்ப் பாட்டாக முளைத்திருக்கிறது என்று நான் சொல்வதுண்டு. வரலாற்றுக்காரர்கள் மன்னிக்கட்டும்.

ஏழாம் படி: அதே பாட்டு, வேறு குரல்

மறுபடி 'வாதாபி'. இப்போது இரண்டு மூன்று பேர் பாடியதை அடுத்தடுத்துப் போடுங்கள். ஜி.என். பாலசுப்பிரமணியம் விர்ரென்று பறப்பவர், எம்.டி. ராமநாதன் எதையும் ஆற அமரப் பாடுபவர். எந்தச் சங்கதியில் இவர் நிற்கிறார், அவர் தாண்டுகிறார் என்று உங்களுக்கே இப்போது தெரியும். கடைசியாக நாதஸ்வரத்தில் கேளுங்கள். வரிகள் இல்லாமலேயே வரிகள் கேட்கும்.

பக்கத்து வீட்டையும் எட்டிப் பாருங்கள்

இந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1767 ஏப்ரலில் பர்மியப் படை சயாமின் அயுத்தயாவைப் பிடித்து, அங்கிருந்த இசைக்காரர்களையும் கூட்டி வந்தது. அடுத்த மாதம் திருவாரூரில் தியாகராஜர் பிறந்தார். அவரைவிடச் சில மாதம் மூத்தவர் மியாவடி மிஞ்சி ஊ சா (1766–1853), பர்மிய அரசவையின் பெரிய பாட்டுக்காரர். அயுத்தயா மெட்டுகளை எடுத்து யோதயா என்ற பாடல் வகையை வளர்த்தவர். ராமாயண நாடகத்தைச் சயாமிய வழியிலிருந்து பர்மிய மொழிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். காவிரிக்கரையில் ஒருவர் ராமனைப் பாடிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஐராவதிக் கரையிலும் ஒருவர்.

ஊ சாவின் பாட்டுகள் பர்மியச் செவ்விசைப் பாடல்களின் தொகுப்பான மஹாகீதாவில் இருக்கின்றன. சாவுங் என்ற பர்மிய யாழை வாசித்துப் பாடியதாகத் தேடிக் கேளுங்கள். படகுபோல உடல், வில்லாக வளைந்த கழுத்து, 16 நரம்பு. நம் வில்யாழ் இப்படித்தான் இருந்திருக்கும். நம்மிடம் வழக்கொழிந்துவிட்டது, இங்கே இன்னும் வாசிக்கிறார்கள்.

அந்தப் பையன் இப்போது பைரவியில் இருக்கிறான். நேற்று ராத்திரி செய்தி அனுப்பினான்: ஐந்தாவது சரணம் வரை தாளம் விடாமல் போட்டானாம், ப வருகிற இடத்தில் போன் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம்.