பழவேற்காடு ஏரிச் சேற்றில் கரிமப் பொருளை அளப்பது: உப்பும் கிளிஞ்சலும் கணக்கைக் கெடுக்காமல்

நன்னீர்க் குளத்துச் சேற்றுக்கு எழுதிய செய்முறையை அப்படியே பழவேற்காட்டில் பின்பற்றினால் கிடைக்கும் எண் கரிமப் பொருளின் எண்ணாக இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீர் ஏரியின் உப்பைக் குறைக்கிறது. கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து தண்ணீர் ஆவியாகும்போது உப்பு கடல்நீரையும் மிஞ்சிவிடும். அந்த உப்பு சேற்றோடு சேர்ந்து காய்ந்து தராசில் ஏறுகிறது. சிப்பி, கிளிஞ்சல் துகள்களும் சேற்றில் ஏராளம்.

ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம். வனத்துறை அனுமதி வாங்காமல் படகில் ஏறாதீர்கள். இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது முகத்துவாரம், ஆற்று வாய், பக்கிங்ஹாம் கால்வாய் சேருமிடம், நடு ஏரி ஆகிய நான்கும் இருக்கட்டும். முகத்துவாரத்து மணலையும் நடு ஏரிக் களிமண்ணையும் சேர்த்துச் சராசரி போடுவதில் பொருளில்லை.

ஏரியில் பெரும்பாலும் இடுப்பளவு தண்ணீர்தான் என்பதால் கையாலேயே குழாய் இறக்கலாம். 63 மி.மீ. பிவிசி குழாயில் 60 செ.மீ. நறுக்கி, கீழ்முனையின் வெளிப்பக்கத்தை அரத்தால் சாய்வாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். நேராக, மெதுவாக அழுத்துங்கள். வெளியே சேறு நிற்கும் மட்டத்தைவிட உள்ளே தாழ்ந்திருந்தால் படிவு நசுங்கியிருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள். மேல்வாயை ரப்பர் அடைப்பானால் இறுக்கி, குழாயைத் தூக்கி, கீழ்முனை தண்ணீரை விட்டு வெளிவருமுன் அதையும் அடைத்துவிடுங்கள். அள்ளும் கருவி வேகமாக இருக்கும், ஆனால் மேலே மிதப்பதுபோல் கிடக்கும் மெல்லிய சேறு அதில் கழுவிப்போய்விடும். புதிய கரிமப் பொருள் பெரும்பாலும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது.

கரையில் சேற்றைக் கீழிருந்து தள்ளி 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, காற்றை வெளியேற்றிப் பைகளில் கட்டி ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் சேற்றை மையவிலக்கியில் சுழற்றி, மேலே தெளியும் நீரின் உப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். இந்த ஒரு எண் இல்லாவிட்டால் பின்னால் எதையும் திருத்த முடியாது.

அளக்க இரண்டு முறைகள் உண்டு: எரிப்பு முறை, டைகுரோமேட் முறை. எரிப்பு முறை எளிது: கரிமப் பொருளை எரித்துவிட்டு, குறைந்த எடையை (எரிப்பு இழப்பு) பார்ப்பது. கண்ணுக்குத் தெரியும் கிளிஞ்சலைப் பொறுக்கிவிட்டு, 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, அகேட் உரலில் பொடித்து, 2 கிராமை முன்பே சுட்டு எடை பார்த்த பீங்கான் குரூசிபிளில் இடுங்கள். மஃபிள் உலையில் 550 டிகிரியில் 4 மணி நேரம். டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆறவிட்டு எடை பாருங்கள். வெளியில் ஆறவிட்டால் சாம்பலிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து இழப்பைக் குறைத்துக் காட்டும். உலையின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சூடாக இருப்பது வழக்கம். வெப்பம் எல்லை தாண்டினால் கிளிஞ்சலிலுள்ள கார்பனேட்டும் சிதையத் தொடங்கும். கார்பனேட்டுக்காக 950 டிகிரிக்கு ஏற்றும் இரண்டாம் கட்டத்தை இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன். சாப்பாட்டு உப்பு 801 டிகிரியில் உருகிவிடும். 950இல் அது ஆவியாகிப் போகும் எடையெல்லாம் கார்பனேட் கணக்கில் சேர்ந்துவிடும்.

இனி உப்புக் கணக்கு. 10 கிராம் ஈரச் சேற்றில் 6 கிராம் நீர் போய், 4 கிராம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீரின் உப்பு கிலோவுக்கு 35 கிராம் என்றால், ஒரு கிலோவில் நீர் மட்டும் 965 கிராம்; எனவே சேற்றில் தங்கிய உப்பு 6 × 35 ÷ 965, அதாவது 0.22 கிராம். உலர் எடையில் ஏறத்தாழ 5.4 சதவீதம். கோடையில் அதே சேற்றின் நீர் 50 காட்டினால் 0.32 கிராம், 7.9 சதவீதம். ஆக, கரிமப் பொருள் ஒரு துளியும் மாறாமலே கோடை மாதிரியில் சதவீதம் குறைந்து தெரியும். வகுக்கும் எடையிலிருந்து உப்பைக் கழித்துவிடுங்கள். சேற்றைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி உப்பை நீக்குபவர்களும் உண்டு. ஆனால் உப்பு போனதும் களிமண் பிரிந்து மிதக்கத் தொடங்கும், கலங்கிய நீரோடு கரிமப் பொருளும் கொட்டப்படும். கழுவுவதைவிடக் கழிப்பதே மேல்.

டைகுரோமேட் முறையில், கார்பனை ஆக்சிஜனேற்றம் செய்யச் செலவான டைகுரோமேட்டைக் கொண்டு கார்பனைக் கணக்கிடுகிறோம். இதில் உப்பு எதிர்த்திசையில் ஏமாற்றுகிறது. உப்பிலுள்ள குளோரைடும் டைகுரோமேட்டைச் செலவழிப்பதால் கார்பன் கூடுதலாகத் தெரியும். இம்முறையில் வழக்கமான வாக்லி–பிளாக் செய்முறை இது: சல்லடையில் சலித்த 0.5 கிராம் மாதிரியை 500 மி.லி. கூம்புக் குடுவையில் இட்டு, 1 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட் 10 மி.லி., பிறகு அடர் கந்தக அமிலம் 20 மி.லி. ஒரு நிமிடம் சுழற்றி 30 நிமிடம் வையுங்கள். 200 மி.லி. நீர், 10 மி.லி. பாஸ்பாரிக் அமிலம், 1 மி.லி. டைஃபீனைலமீன் சேர்த்து, மிஞ்சிய டைகுரோமேட்டை 0.5 நார்மல் ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பாருங்கள். கருநீலம் ஒரே சொட்டில் பச்சையாகும். மாதிரி இல்லாத வெற்றுச் சோதனை ஒவ்வொரு நாளும் வேண்டும், ஏனெனில் ஃபெரஸ் கரைசலின் வலிமை நாளுக்கு நாள் குறையும். அமிலம் ஊற்றியதுமே கலவை முழுப் பச்சையானால் டைகுரோமேட் தீர்ந்துவிட்டது; 0.25 கிராமில் மறுபடி செய்யுங்கள்.

ஃபெரஸ் கரைசல் வெற்றுச் சோதனைக்கு 20.0, மாதிரிக்கு 16.4 மி.லி. செலவானால், வித்தியாசம் 3.6. 1 நார்மல் கரைசலின் ஒரு மி.லி.க்கு ஈடான கார்பன் 0.003 கிராம் என்பதால்: 3.6 × 0.5 × 0.003 × 100 ÷ 0.5 = 1.08 சதவீதம் கார்பன். உப்பு 5.4 சதவீதம் உள்ள மாதிரியில் குளோரைடு சுமார் 3 சதவீதம். ஏறத்தாழ 12 பங்கு குளோரைடு ஒரு பங்கு கார்பனைப் போலத் தெரியும் என்பதால், அதை 12ஆல் வகுத்தால் 0.25. கழித்தால் 0.83. இந்த முறை கார்பனில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் பிடிக்கும் என்பதால் 1.3ஆல் பெருக்கினால் 1.08. திருத்தாமல் விட்டிருந்தால் 1.40. கந்தக அமிலத்தில் லிட்டருக்கு 15 கிராம் வெள்ளி சல்ஃபேட் கரைத்துக்கொண்டால் குளோரைடு அதிலேயே பிடிபட்டுவிடும், பிறகு கழிக்கக் கூடாது. விலைதான் தடை.

அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கருஞ்சேற்றில் இன்னொரு தொல்லை: ஃபெரஸ் இரும்பும் சல்ஃபைடும் டைகுரோமேட்டை விழுங்கும். மாதிரியை மெல்லியதாகப் பரப்பி, கிளறிவிட்டு, நிழலில் நன்றாகக் காற்றாட உலர்த்தினால் பெரும்பகுதி அடங்கும். இரும்பு உரலும் துருப்பிடித்த சல்லடையும் இதே தவறைச் செய்யும்.

கரிமப் பொருளில் 58 சதவீதம் கார்பன் என்று கொண்டு, எரிப்பு இழப்பை 1.724ஆல் வகுத்துக் கார்பன் என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. களிமண் தன் அமைப்பிலுள்ள நீரை 550 டிகிரிக்குள் கொஞ்சம் விட்டுவிடும். கார்பனே இல்லாத களிமண்ணும் எடை இழக்கும். 15 மாதிரிகளை இரண்டு முறையிலும் அளந்து, கார்பனைக் கிடையாகவும் எரிப்பு இழப்பைச் செங்குத்தாகவும் வைத்துக் கோடு வரையுங்கள். கோடு செங்குத்து அச்சை வெட்டுமிடம் ஏறத்தாழக் களிமண்ணின் பங்கு. மீதி மாதிரிகளை எரித்து மட்டும் பார்த்து அந்தக் கோட்டால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இடங்களை ஒப்பிடுமுன் 63 மைக்ரானுக்குக் குறைந்த துகளின் சதவீதத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். கரிமப் பொருள் நுண்துகளோடு ஒட்டியே இருப்பதால், மாசு என்று நினைப்பது பல நேரம் வெறும் களிமண் மிகுதியாக இருக்கும்.

அமிலம் ஊற்றும் வேலை புகைக் கூண்டுக்குள், கையுறையோடு. உப்புள்ள மாதிரியில் எழும் செம்பழுப்புப் புகை நச்சு. கழிவைத் தொட்டியில் கொட்டாதீர்கள். மிஞ்சிய டைகுரோமேட் முழுதும் பச்சையாகும் வரை ஃபெரஸ் சல்ஃபேட் சேர்த்து, சுண்ணாம்பால் பிஎச் 8க்கு மேல் ஏற்றி, படியும் குரோமியம் சேற்றை வடித்தெடுத்து அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.